கடலில் ஒரு பாய்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

போன வாரம் பாடசாலை விட்டு வரும்போது பழைய மாணவன் ஒருவனின் உம்மா எங்களை வழியில் மறித்தார். மகன் ஆழ்கடல் போட்டில் போகிறான். ஒரு பயணம் என்றால் மூன்று நான்கு கிழமை. "சேர், இவனுக்கு போட்டுல போட்டுப் படுக்க ஒரு மெத்த வாங்கணும். எது நல்லம்? போன முற வாங்கின ஸ்பொஞ் மெத்த ரெண்டு பயணத்துலயே நாறிப் போச்சி" என்றார்.

நாங்கள் வரலாறு படிப்பிக்கிறவர்கள். மெத்தைக் கடைக்காரர் இல்லை. "நாளைக்குச் சொல்றன் ராத்தா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. கடலோடிகளின் துணிவையும் வணிகத்தையும் பற்றி வகுப்பில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். இவர்களெல்லாம் இரவில் எங்கே படுத்தார்கள், எதன் மேல் படுத்தார்கள் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? பாடப் புத்தகமும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்றிரவு தேடத் தொடங்கினோம்.

முதலில் நம் மொழியிலேயே ஒரு விசயம் இருக்கிறது. படுக்கிற பாயும் பாய், காற்றுப் பிடிக்கிற பாயும் பாய். பாய்மரம் என்கிறோமே, அந்தப் பாய்தான். இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. துணிப் பாய்கள் பரவலாகும் முன்னர் பல கடல்களில் ஓலையையும் புல்லையும் மூங்கிலையும் பாய் போலப் பின்னித்தான் மரத்தில் கட்டினார்கள். மாலைதீவில் தென்னோலையில் பின்னிய பாய்கள் இருந்தன. சீனக் கப்பல்களின் பாய்கள் மூங்கில் கீற்றுகளால் பாய் போல முடையப்பட்டவை என்று இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார்.

இப்னு பதூதா நமக்குத் தெரிந்த ஆள். 1344இல் புத்தளம் பக்கம் வந்து இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவா ஆதம் மலைக்கு ஏறிப் போனவர். அந்தப் பயணத்தைத்தான் நாம் எப்போதும் பேசுகிறோம். அதற்கு இரண்டு வருடங்கள் முன்னர், 1342 அளவில், கள்ளிக்கோட்டைக் கரையில் அவருக்கு நடந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை.

டில்லி சுல்தான் முகம்மது பின் துக்ளக் அவரைச் சீனப் பேரரசருக்குத் தூதராக அனுப்புகிறார். கள்ளிக்கோட்டையில் பதின்மூன்று சீனக் கப்பல்கள் நிற்கின்றன. பெரிய கப்பலில் நான்கு தளங்கள். வணிகர்களுக்குத் தனித்தனி அறை, சில அறைகளுக்குள்ளேயே கழிப்பிடம், கதவுக்குப் பூட்டு. கடலோடிகள் மரத் தொட்டிகளில் கீரையும் இஞ்சியும் வளர்த்தார்களாம். பதினான்காம் நூற்றாண்டில் இப்படி ஒரு கப்பல்!

நம்மவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தன் வீட்டாரோடு தனியாக இருக்க ஒரு அறை. கப்பல் முகவரோ, அறைகளையெல்லாம் சீன வணிகர்கள் போகவும் வரவும் எடுத்துவிட்டார்கள், மருமகனுடைய அறை ஒன்றைத் தரலாம், ஆனால் அதில் கழிப்பிடம் இல்லை என்கிறார். சுல்தானின் தூதருக்கே இதுதான் நிலைமை! அறை சரிவரவில்லை என்று, 'ககம்' என்ற சிறிய வகைக் கப்பலுக்கு வீட்டாரையும் பொருட்களையும் மாற்றினார். சுல்தானின் பரிசுப் பொருட்களும் மற்றத் தூதர்களும் பெரிய கப்பலில். இவர் ஜும்ஆத் தொழுகைக்காகக் கரையில் தங்கினார்.

அன்று கடல் கொந்தளித்தது. பெரிய கப்பல் கரையில் மோதி உடைந்து அதிலிருந்தவர்கள் இறந்து போனார்கள். சிறிய கப்பலில் இருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பாயை விரித்து ஓடிவிட்டார்கள், இவருடைய ஆட்களையும் பொருட்களையும் ஏற்றிக்கொண்டே. கரையில் நின்ற இப்னு பதூதாவிடம் மிஞ்சியது பத்துத் தீனாரும், இரவு படுப்பதற்கு விரித்த ஒரு விரிப்பும் மட்டும். கூட இருந்த ஒரு பணியாளும் விட்டுப் போய்விட்டான்.

யோசித்துப் பாருங்கள். வசதியான படுக்கை இடம் கிடைக்காத காரணத்தால்தான் அவருடைய வீட்டாரும் பொருட்களும் கப்பல் மாறினார்கள். கடைசியில் கையில் மிஞ்சியதும் ஒரு படுக்கை விரிப்பு. இதை வகுப்பில் சொன்னபோது தரம் 10 பிள்ளைகள் ஒருவரும் அசையவில்லை. (அந்த வகுப்பு அசையாமல் இருப்பதும் ஒரு வரலாற்று நிகழ்வுதான்.)

அறையும் பூட்டும் வணிகருக்கு. சாதாரணக் கடலோடிக்கு? அரபுக் கப்பல்களில் சரக்கு மூட்டைகளின் மேலே, வெட்ட வெளியில், கையோடு கொண்டுவந்த விரிப்பில். இந்த நிலை நூற்றாண்டுகளாக மாறவேயில்லை. 1938–39இல் அலன் வில்லியர்ஸ் என்ற அவுஸ்திரேலிய மாலுமி குவைத் நாட்டுப் பாய்க்கப்பல் ஒன்றில் பயணம் செய்து எழுதினார். அப்போதும் அப்படித்தான். ஐரோப்பியர் கதையும் வேறில்லை. கொலம்பஸின் கப்பல்களில் அதிகாரிகளுக்குத்தான் கட்டில். மற்றவர்கள் தளப் பலகையில் இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். மழை வந்தால் கீழே ஓட வேண்டும்.

கொலம்பஸ் 1492 ஒக்டோபரில் பஹாமாஸ் தீவுகளில் இறங்கியபோது அங்கிருந்த மக்கள் பருத்தி நூலால் பின்னிய வலைகளை இரண்டு தூண்களுக்கிடையில் கட்டி அதில் படுத்திருந்தார்கள். 'ஹமாக்கா' என்பது அந்தத் தைனோ மக்களின் சொல். அந்த மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பது பெரிய துயரம், அதைத் தனியாக எழுத வேண்டும். அவர்களை அழித்தவர்கள் அவர்களுடைய படுக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆங்கிலேயக் கடற்படை 1597இல் தன் கப்பல்களுக்குத் தொங்கு படுக்கையை ஏற்றுக்கொண்டது.

இந்தத் தொங்கு படுக்கை ஏன் கடலுக்கு ஏற்றது என்பதை விளங்க ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிப் பிடித்துப் பாருங்கள். கையை எந்தப் பக்கம் சரித்தாலும் கல் நேர் கீழேயே தொங்கும். கப்பல் இடமும் வலமும் உருளும்போது சுவரும் தளமும்தான் சாய்கின்றன. ஏணைக்குள் கிடப்பவன் சாய்வதில்லை. கட்டிலில் படுத்தவன் அலைக்கு அலை உருண்டு பலகையில் மோதுவான். ஏணையில் பிள்ளையைப் போட்டு வளர்த்த நம் உம்மாமாருக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஆனால் ஏணை சொகுசு, கிடைத்த இடம் சொகுசு இல்லை. பிரித்தானியப் போர்க்கப்பலில் ஒரு ஆளுக்கு ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். ஒரு அடி அடிமட்டத்தை எடுத்து, இன்னும் இரண்டு அங்குலம் சேர்த்து, நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துப் பாருங்கள். பாதிப் பேர் காவலில் இருப்பதால் பக்கத்து இடம் காலியாகும், அதனால் சமாளித்தார்கள். துறைமுகத்தில் எல்லோரும் ஒன்றாகப் படுத்தால் மீன் அடுக்கியது போலத்தான். பீரங்கிகளுக்கு மேலே ஏணைகள் தொங்கும். காலையில் மணி அடித்ததும் ஏணையை இறுக்கிச் சுருட்டிக் கட்டி மேல்தளத்தின் ஓரத்தில் அடுக்க வேண்டும். போர் நேரத்தில் அந்தச் சுருள்களே துப்பாக்கிக் குண்டுக்குத் தடுப்புச் சுவர். கப்பலில் இறந்துபோனால் அவனுடைய அதே ஏணையில் வைத்துத் தைத்து, காலடியில் பீரங்கிக் குண்டைப் போட்டுக் கடலில் இறக்குவார்கள். உறங்கிய துணியே கபன் துணி.

கடற்படைக்கு அரசாங்கம் ஏணை கொடுத்தது. வணிகக் கப்பலில் வேலை செய்தவனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கப்பல் முதலாளி பலகைக் கட்டிலோடு நிறுத்திக்கொள்வார். மெத்தை, போர்வை, சாப்பாட்டுத் தட்டு எல்லாம் அவனவன் பாடு. துறைமுகத்துக் கடையில் வைக்கோல் திணித்த சாக்கு ஒன்றைச் சில்லறைக் காசுக்கு வாங்கிக்கொண்டு ஏறுவான். ஆங்கில மாலுமிகள் அந்தச் சாக்குக்கு வைத்த பெயர் 'கழுதையின் காலைச் சாப்பாடு'. இரண்டு மாதத்தில் வைக்கோல் பொடியாகிவிடும், மூட்டைப்பூச்சி குடும்பம் நடத்தும். ஊர் திரும்பும்போது கடலில் வீசிவிட்டு இறங்குவான். இருபதாம் நூற்றாண்டிலும் இதுதான் நடந்தது.

மூட்டைப்பூச்சி என்றதும் ஆசிரியர் கலாசாலை விடுதி நினைவுக்கு வருகிறது. அங்கே எங்களுக்குத் தந்த தும்பு மெத்தையில் எங்களுக்கு முன்னரே பல தலைமுறையாக வசித்தவர்கள் இருந்தார்கள். சரி, அதை விடுவோம்.

அதே பிரித்தானியக் கப்பல்களில் நம் பகுதி ஆட்களும் வேலை செய்தார்கள். 'லஸ்கர்' என்று அழைக்கப்பட்ட ஆசிய மாலுமிகள். அவர்களில் பெரும் பகுதி வங்காளம், குஜராத் பக்கத்து முஸ்லிம்கள். வெள்ளை மாலுமிக்கு இவ்வளவு இடம் என்று சட்டம் எழுதியவர்கள், லஸ்கருக்கு அதைவிடக் குறைவான இடம் போதும் என்று அதையும் சட்டமாகவே எழுதினார்கள். ஒரே கப்பல், ஒரே அலை. படுக்கிற இடத்தின் அளவு மட்டும் தோலைப் பார்த்து.

வேலைக்காரன் கதை இது. காசு கொடுத்துப் போன பயணியின் கதையை ஹஜ்ஜுக் கப்பலில் பார்க்கலாம்.

1880 ஜூலையில் 'ஜித்தா' என்ற நீராவிக் கப்பல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுப் பினாங்கில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜித்தாவுக்குப் போனது. ஏறத்தாழ 950 ஹாஜிகள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள். அவர்களுக்குக் கட்டில் கிடையாது. தளத்தில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே பாயை விரித்துப் படுப்பார்கள். அந்தப் பாய்தான் வீடு, அதுதான் அடுப்படி, அதுதான் தொழுகை இடம்.

ஓகஸ்ட் 8ஆம் திகதி, ஆபிரிக்காவின் குவார்தபூய் முனைக்கு அருகில், கடும் காற்றில் கப்பலுக்குள் தண்ணீர் ஏறியது. கப்பல் தலைவரும் வெள்ளை அதிகாரிகளும் படகொன்றில் ஏறி, பாயில் கிடந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வேறொரு கப்பல் அவர்களைக் காப்பாற்றி ஏடனுக்குக் கொண்டுபோனது. அங்கே அவர்கள், கப்பல் மூழ்கிவிட்டது, ஹாஜிகள் எல்லோரும் போய்விட்டார்கள் என்று அறிவித்தார்கள். அடுத்த நாளே 'அன்டனோர்' என்ற கப்பல் ஜித்தாவை இழுத்துக்கொண்டு ஏடனுக்கு வந்து சேர்ந்தது! ஹாஜிகள் உயிரோடு இருந்தார்கள். தலைவன் இல்லாத கப்பலில் தண்ணீரை இறைத்து இறைத்து மிதக்க வைத்திருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

இந்தச் சம்பவத்தை வைத்துத்தான் ஜோசப் கொன்ராட் 1900இல் 'லோர்ட் ஜிம்' நாவலை எழுதினார். அந்த நாவல் ஓடிப்போன அதிகாரி ஒருவனின் மனச்சாட்சியைப் பற்றியது. பெரிய நாவல், மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்கு ஒரு குறை உண்டு. பாயில் படுத்திருந்த 950 பேரின் பக்கத்திலிருந்து அந்தக் கதையை ஒருவரும் அப்படி எழுதவில்லை.

நம் ஊரில் கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன தலைமுறை இப்போது இல்லை. எங்கள் மூத்தவாப்பாவின் வாப்பா அப்படிப் போனவர். புறப்படும் முன்னர் வீட்டுப் பெண்கள் அவருக்கென்று ஒரு பன்பாய் இழைத்தார்களாம், வழமையை விட அகலம் குறைவாக. கப்பலில் அகலப் பாயை விரித்தால் பக்கத்திலிருப்பவருடைய இடத்தில் ஏறிவிடும், அது ஹக்கு என்று அவரே சொல்லிக் கேட்டுக்கொண்டாராம். திரும்பி வரும்போது அந்தப் பாயை யாருக்கோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எங்கள் உம்மும்மா இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். சிறு வயதில் கேட்டுவிட்டு விளையாடப் போய்விடுவோம். இப்போதுதான் அதன் பாரம் விளங்குகிறது.

இனி சட்டத்தின் கதை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946இல், அமெரிக்காவின் சியாட்டல் நகரில் சர்வதேச தொழில் தாபனம் கூடியது. கப்பலில் வேலை செய்பவருக்குச் சுத்தமான படுக்கையும் போர்வையும் கப்பல் உரிமையாளரே வழங்க வேண்டும் என்று அங்கே ஒரு பரிந்துரை நிறைவேறியது. 1949இல் வந்த 92ஆம் இலக்கச் சமவாயம் கட்டிலின் அளவையே எழுதியது. உள் அளவு 6 அடி 3 அங்குல நீளம், 2 அடி 3 அங்குல அகலம். அதற்குக் குறையக் கூடாது. மெத்தைக்குள் வைக்கோலோ பூச்சி அடையக்கூடிய வேறு பொருளோ திணிக்கக் கூடாது என்றும் ஒரு வரி இருக்கிறது. வைக்கோல் சாக்கை ஒழிக்கச் சர்வதேசச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள்.

பின்னர் 2006இல் கடல்சார் தொழில் சமவாயம் வந்தது. கட்டில் 198 சென்ரிமீற்றர் நீளம், 80 சென்ரிமீற்றர் அகலம். எந்த நிலைமையிலும் ஒருவருக்கு ஒரு கட்டில், ஒருவர் எழும்பிய சூட்டில் மற்றவர் படுப்பது கூடாது. மெத்தை வசதியானதாக இருக்க வேண்டும் என்பதும் அதன் வழிகாட்டலில் இருக்கிறது. இதை வாசித்தபோது சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசம் அடுத்த பக்கம் வரைக்கும்தான். மீன்பிடிக் கலங்களுக்கு இந்தச் சமவாயம் பொருந்தாது. அவர்களுக்கென்று 2007இல் 188ஆம் இலக்கச் சமவாயம் தனியாக வந்தது. அதிலும் இந்தக் கட்டில் அளவு 24 மீற்றருக்கு மேற்பட்ட கலங்களுக்குத்தான். நம் கரையிலுள்ள போட்டுகள் பெரும்பாலும் அதில் பாதி நீளம்.

மெத்தைக் கேள்விக்கு வருவோம். சனிக்கிழமை அந்த மாணவனோடு வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் போனோம். பாடசாலை அளவுநாடாவையும் எடுத்துக்கொண்டோம். ஸ்கிப்பர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் உள்ளே விட்டார்.

குனிந்துதான் போக வேண்டும். டீசல் மணம், பக்கத்தில் இயந்திரம். ஆறு பேருக்கு நான்கு பலகைகள். அவன் படுக்கிற பலகையை அளந்தோம். நீளம் 5 அடி 4 அங்குலம். அகலம் 1 அடி 10 அங்குலம். அவனுடைய உயரம் 5 அடி 8 அங்குலம். கால் மடக்கித்தான் நித்திரை. அகலத்தைப் பற்றிக் கேட்டபோது, "அது பரவாயில்ல சேர். அகலமா இருந்தா அடிக்குள்ள உருண்டு விழுந்துருவம்" என்றான். இது உண்மை. கடலில் ஒடுக்கமான படுக்கைதான் நல்லது. ஓரத்தில் ஒரு துணியைத் தொட்டில் போல இழுத்துக் கட்டினால் இன்னும் நல்லது. பாய்க்கப்பல்காரர்கள் அப்படிக் கட்டுவது வழக்கம். நீளம் குறைந்தால்தான் முதுகு கேட்கும். வயது இருபத்துமூன்று, இப்போதே முதுகு வலி என்கிறான். கரைக்கு வந்தாலும் முதல் இரண்டு இரவு நித்திரை வராதாம்.

ஸ்பொஞ் ஏன் நாறியது என்பது விஞ்ஞானப் பாடம். ஸ்பொஞ்சுக்குள் கடல் நீர் போனால் தண்ணீர் காய்ந்தாலும் உப்பு தங்கிவிடும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அதனால் அந்த மெத்தை வெயிலில் காய்ந்தது போலத் தெரியும், இரவில் மறுபடி நனையும். இன்னொன்று, உடம்பின் சூடு கீழே இறங்கிக் குளிர்ந்த பலகையில் பட்டு வியர்க்கும். மெத்தையைப் பலகையோடு ஒட்டிப் போட்டால் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் மேலே உறை எவ்வளவு முக்கியமோ, கீழே காற்றுப் போக ஒரு இடைவெளி அவ்வளவு முக்கியம்.

அந்த இடைவெளிக்குப் பொருள் தேடி வெளிநாடு போகத் தேவையில்லை. இலங்கைத் தென்னந்தும்பில் நீளமான விறைப்புத் தும்பு ஒரு வகை, குட்டையான மெத்தைத் தும்பு இன்னொரு வகை. மெத்தைத் தும்பு என்ற பெயரிலேயே காலங்காலமாகக் கப்பலேறிப் போன சரக்கு. உப்புத் தண்ணீர் தென்னந்தும்பை இலகுவில் அழிக்காது. தேங்காய் மட்டையைத் தண்ணீரில் ஊறப் போட்டுத்தானே தும்பே எடுக்கிறோம். இலவம் பஞ்சும் நம்மிடம் இருக்கிறது. அதன் நார் உள்ளே குழாய் போல வெறுமையானது, மேலே மெழுகுப் பூச்சு. அதனால் மிதக்கும். செயற்கைப் பொருட்கள் வரும் வரைக்கும் உயிர்காப்பு அங்கிக்குள் அடைத்தது இந்தப் பஞ்சைத்தான். நம் வீட்டுத் தலையணைக்குள் இருப்பது அதுதான்!

ஞாயிற்றுக்கிழமை அந்த உம்மாவிடம் போய்ச் சொன்னோம். இரண்டு அங்குலத் தடிப்பில் தும்புப் படுக்கை ஒன்று, பலகையின் அளவுக்கே வெட்டி. அதற்கு ரெக்சின் உறை, அடிப்பக்கம் மட்டும் வலைத் துணி. அதன் மேலே ஒரு பன்பாய். நனைந்தால் பாயை உதறிக் காய வைக்கலாம், வெயிலில் அரை மணி நேரம் போதும்.

"பாய நானே இழைக்கிறன் சேர். எவ்வளவு அகலம்?" என்று கேட்டார்.

ஒன்று பத்து என்றோம். ஸ்கிப்பரோடும் பேசியிருக்கிறோம். தலைமாட்டுப் பக்கம் சாமான் அடுக்கிற பெட்டியை ஐந்து அங்குலம் தள்ளினால் பலகையை நீட்டலாம், தச்சனுக்கு அரை நாள் வேலை. முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். போட் அடுத்த வியாழன் கடலுக்குப் போகிறது. இன்னும் பதில் வரவில்லை.